ஆளுப்பாறைக்கு லாக்கர் வேண்டாம்

சாமு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதுகிற நிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது நீ அனுப்பிய அழைப்பிதழைப் பார்த்தாலே தெரிகிறது. கெட்டித் தாள், ஓரத்தில் தங்கக் கோடு, நடுவில் வழவழவென்று ஒரு வண்ணப்படம். ஆம்பூரிலிருந்து சத்துவாச்சாரிக்கு என்ன தூரம் வந்துவிடப் போகிறது? பெற்றவள் கையில் அதைக் கொண்டுவந்து கொடுக்க உனக்கு நேரமில்லை, கம்பெனி டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாய். பாவம் அந்தப் பிள்ளை, வாசலில் நின்றுகொண்டு, "சாரு உங்களத்தான் ரிப்பன் வெட்டச் சொன்னாரும்மா" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கார்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கப் படிக்க உடம்பெல்லாம் எரிந்தது.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. நம் சபையின் மாத இதழில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், குருத்தோலை ஞாயிறன்று வந்துவிடும். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். உன் விழாக் குழுவில் இருக்கிற பெரிய மனிதர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன் பெஞ்சில்தான் உட்காருகிறார்கள், அவர்களும் படிக்கட்டும். இதழைப் பார்த்துக்கொள்கிற ஐயா வாங்கிப் பார்த்துவிட்டு, "லெந்து நாளும்மா, நோன்புக் காலத்துல கொஞ்சம் சூட்டைக் கொறைச்சி எழுதக் கூடாதா?" என்றார். லெந்துக்கு இறைச்சியை விட்டாச்சி, கோபத்தையும் விட்டுட்டா நான் எதைத் தின்னு உயிர் வாழறது என்று கேட்டேன். அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணியம்பாடி தாண்டி மலைமேல் ஒரு வனப் பூங்கா இருக்கிறது. அங்கே ஆளுப்பாறை என்று மலைக்காரர்கள் சொல்லும் பாறையில் ஆதிகாலத்து மனிதர்கள் வரைந்த படங்கள் இருக்கின்றன. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, அந்தப் படங்கள் இனி எந்தக் காலத்திலும் அழியாதபடி அவற்றின்மேல் பாதுகாப்புப் பூச்சு அடிக்கப் போகிறார்களாம். அடிப்பது, தோல் தொழிற்சாலைகளுக்கு ஃபினிஷிங் கெமிக்கல் விற்கும் என் மகனுடைய கம்பெனி. தோல் பளபளக்கக் கடைசியாக அடிக்கிற லாக்கர் என்கிற மேல்பூச்சைப் பாறைக்கு அடிக்கிறார்கள். பக்கத்தில் கிரானைட்டில் ஒரு கல்வெட்டு: இந்தப் பணி என் கணவர் நினைவாக. ரிப்பன் வெட்டுவது நான். எத்தனையோ ஆயிரம் வருஷமாக வெயிலும் மழையும் குரங்கும் கரடியும் செய்யாத வேலையை ஒரு காலை நேரத்துக்குள் முடித்துவிட்டு, மத்தியானம் கீழே இறங்கிப் பந்தலில் பிரியாணி சாப்பிடப் போகிறீர்கள். அனுமதி எல்லாம் வாங்கியாகிவிட்டது என்று உன் குழுத் தலைவர் சொல்கிறார். யார் கொடுத்தது என்று கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் சிஸ்டர்" என்றார்.

ஈஸ்டர் மறுநாள் என்றால் நம் தெருவில் எல்லாரும் ஏலகிரிக்குப் போய்ப் படகில் சுற்றுவார்கள். உங்கப்பாவுக்கு மட்டும் இந்த மலைதான். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், லீவு நாளிலும் கழுத்தில் விசில் தொங்கும். முதல் பஸ்ஸைப் பிடிக்க எலுமிச்சை சாதமும் அவித்த முட்டையும் கட்டித் தயாராக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் நான் அடுப்பில் நின்ற வருஷங்கள் உண்டு, தெரிந்துகொள். மலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் முதலில் மான் வேலி. அங்கே ஒரு கிழட்டு ஆண்மான் கம்பியோரம் வந்து உன் சட்டைப் பொத்தானை நக்கும். அப்புறம் மயில் கூண்டு, கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் தூங்குகிற மலைப்பாம்பு. அதையெல்லாம் தாண்டி, ஓடையைக் கடந்து மூங்கில் புதர் வழியாக ஏறினால் பாறை வந்துவிடும். முன்பக்கம் கூரை மாதிரி சாய்ந்த பெரிய பாறை. அதனடியில் செங்காவி நிறத்தில் கைகோத்து ஆடுகிற ஆட்கள், கொம்பு நீண்ட மான்கள், ஒரு கரடி. ஆடுகிறவர்களைவிட்டுத் தள்ளி, கரடிப் பக்கமாக, தனியாக ஒரு பெண். இடுப்பை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு நிற்பாள், இடுப்பில் ஒரு குழந்தை. என் விரல் நீளம்கூட இருக்க மாட்டாள். ஆனால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்து நின்ற எவளுக்கும் அவளைப் பார்த்ததும் புரிந்துவிடும். "இவளுக்கு இடுப்பு விட்டுப்போச்சி, யாராச்சும் புள்ளைய வாங்குங்களேன்" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வேன், ஒவ்வொரு வருஷமும் உங்கப்பா புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பார்.

பாறை கண்ணில் பட்டதும் அவர் மெதுவாக ஒரு விசில் கொடுப்பார். "கை பின்னால!" நீ, நான், கூட வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், யாராக இருந்தாலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டுதான் பாறை முன்னால் நிற்க வேண்டும். விரலை நீட்டிக் காட்டக்கூட அனுமதி இல்லை, மோவாயை நீட்டித்தான் காட்ட வேண்டும். ஒருமுறை தலைமை ஆசிரியரே கூட வந்தார். அவரையும் அப்படித்தான் நிறுத்தினார். பெரிய தொந்தியோடு அந்த மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி நீட்டி, "மாஸ்டர், அது மானா ஆடா?" என்று கேட்டது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

நீ எட்டாவது படித்த வருஷம் ஓடைக்குப் பக்கத்தில் நாம் நிஜக் கரடியையே பார்த்தோம். முடியெல்லாம் சடைபிடித்த தாய்க் கரடி, முதுகில் குட்டி கவிழ்ந்து ஒட்டிக்கொண்டு இருந்தது. நமக்கும் அதற்கும் நடுவில் ஓடை மட்டும்தான். உங்கப்பா விசிலைத் தொடவில்லை. அவர் கை இரண்டும் தானாகப் பின்னால் போனது, அதைப் பார்த்து நம் கையும் போனது. உன் கையில் மட்டும் ஒரு பன் இருந்தது. அதை அந்தக் கரடிக்கு வீச நீ கையை ஓங்கினாய், அவர் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கரடி மூக்கைத் தூக்கி நம் பக்கம் மோந்து பார்த்துவிட்டு, குட்டியோடு மெல்ல மேலே ஏறிப் போனது. அது போனபிறகு நீ ஓவென்று அழுதாய். "பாவம்ப்பா, அதுக்குப் பசிக்குமே" என்றாய். அவர் உட்கார்ந்து உன் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "அதுக்குப் பசின்னு உனக்கு எப்படிடா தெரியும்? உனக்குத்தான் குடுக்கணும்னு பசி." இருபது வருஷம் ஆகப் போகிறது சாமு, உனக்கு அந்தப் பசி அடங்கவே இல்லை.

நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் எனக்கு வேலை சுலபம், இரண்டு திட்டுத் திட்டிவிட்டு ஜெபத்தில் உட்கார்ந்துவிடுவேன். நீ நல்லவன், அதுதான் என் தலைவலி. உங்கப்பா வாலிபத்தில் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய வெண்கலப் பதக்கம் ஒன்று இருந்தது. அவருக்குப் பிறந்தநாள் என்று அதைப் புளியும் ஆற்று மணலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கண் கூசுகிற மாதிரி பளபளவென்று ஆக்கிக் கொண்டுவந்து நீட்டினாய். அதில் இருந்த எழுத்து முழுக்கப் போய்விட்டது. எந்தப் பந்தயம், எந்த ஊர், ஒன்றும் இல்லை, வெறும் வட்டத் தகடு. நான் வாயைத் திறந்தேன். அவர் என்னை முறைத்துவிட்டு உன்னிடம், "பளபளன்னு இருக்குடா!" என்று சொல்லி அன்றைக்கு முழுக்கச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார். உன்னைக் கெடுத்தது உங்கப்பாதான். இதை அவர் இருக்கும்போதே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன், இப்போது செத்துப்போனபிறகு முதுகில் குத்தவில்லை.

தொண்ணூற்றொன்பதில் நீ ஆம்பூரில் ஃபினிஷிங் செக்‌ஷனில் வேலைக்குச் சேர்ந்தாய். அந்த ஈஸ்டர் திங்களன்று உன் பை கனமாக இருந்தது. பழம் வாங்கி வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். நானும் உங்கப்பாவும் ஓடையில் பாத்திரம் கழுவி, தண்ணீர் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், காடு முழுக்க அழுகிய வாழைப்பழம் மாதிரி ஒரு நெடி. தின்னர் நெடி. பாறை முன்னால் நீ நிற்கிறாய், உன் கை பின்னால் இல்லை, கையில் பூச்சிமருந்து அடிக்கிற பம்பு மாதிரி ஒரு ஸ்ப்ரேயர். குழந்தைக்காரி மேலும் அவள் பக்கத்திலிருந்த கரடி மேலும் லாக்கர் அடித்து முடித்திருந்தாய். ஒத்துக்கொள்கிறேன், அந்தச் சிவப்பு நேற்று வரைந்தது போலப் பளிச்சென்று எழும்பியிருந்தது. கூட வந்த பிள்ளைகள் கைதட்டின. "வருஷா வருஷம் மங்குதே மங்குதேன்னு கவலப்பட்டீங்களேப்பா, இனி மங்காது. தோலுக்கே கியாரண்டி குடுக்கறோம், கல்லுக்கு இன்னா?" என்றாய். நான் அங்கேயே கத்தினேன். "யாரக் கேட்டுடா அடிச்சே? இது உங்கம்பெனி சரக்கா?" என்று கத்தியதில் மரத்திலிருந்த குரங்கெல்லாம் ஓடிப்போனது. உங்கப்பா பாறையைப் பார்த்தார், உன் முகத்தைப் பார்த்தார். "பளிச்சுன்னு இருக்குடா சாமு" என்றார். அப்புறம் மெதுவாக, "போதும், மத்தத அப்படியே விட்டுடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று உன் கையிலிருந்து ஸ்ப்ரேயரை வாங்கிப் பைக்குள் வைத்தார். இரவல் வாங்கி வந்திருந்த கேமராவில் ஒரு படமும் எடுத்தார். அந்தப் படத்தைத்தான் நீ இன்றைக்கு அழைப்பிதழில் போட்டிருக்கிறாய்.

இப்போது நான் சொல்லப் போவதைச் சொல்லக் கூடாது என்று உங்கப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சொல்கிறேன். மேலே போய் அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

நீ சீனாவுக்கு வேலைக்குப் போனபிறகு, வாரம் தவறாமல் போன் பண்ணுவாய். ஒவ்வொரு முறையும் கடைசியில், "பாற எப்படிப்பா இருக்கு?" என்று கேட்பாய். "ஜம்முனு இருக்குடா. மலைக்குப் போனா நீ அடிச்ச இடம் மட்டும்தான் தனியாத் தெரியுது" என்பார். உனக்குச் சந்தோஷம் தாங்காது, சிரிக்கிற சத்தம் இந்தப் பக்கம் எனக்கே கேட்கும். அவர் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. நீ அடித்த இடம் மட்டும்தான் தனியாகத் தெரிந்தது. முதல் வருஷம் அது மஞ்சளாகப் போனது. அடுத்த மழைக்குப் பிறகு உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு, கண்ணில் புரை விழுந்தது போல வெளுத்துவிட்டது. அப்புறம் வெடிக்க ஆரம்பித்தது. அடிக்காமல் விட்ட ஆட்களும் மான்களும் எப்போதும் போல மங்கலாக, நன்றாகவே இருந்தார்கள். "ஏங்க இப்படிப் பொய் சொல்றீங்க, அவன்கிட்ட சொல்லித் தொலைங்களேன்" என்று சண்டை போட்டேன். "புள்ள அங்க பாஷை தெரியாத ஊர்ல தனியா சோறு பொங்கித் தின்னுக்கிட்டு இருக்கான். அவன் சந்தோஷப்படறதுக்கு ஒண்ணு இருக்கட்டுமே, உனக்கு இன்னா நஷ்டம்?" என்றார். எனக்கு என்ன நஷ்டம் என்று இப்போது தெரிகிறதா?

கடைசி ஈஸ்டருக்கு அவருக்கு மூச்சு வாங்கியது. வேண்டாம் என்று நானும் சொன்னேன், டாக்டரும் சொன்னார், கேட்டால்தானே. ஓடை வரைக்கும் வந்துவிட்டார். அதற்குமேல் முடியவில்லை, ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "நீ போய்ப் பாத்துட்டு வா" என்றார். நான் இரண்டு அடி எடுத்து வைத்ததும் கூப்பிட்டு, "பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லாத" என்றார். போனேன், பார்த்தேன், இறங்கி வந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். இரண்டு பேரும் எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். அவருக்கு அந்தப் பாறைமேல் எவ்வளவு உயிர் என்பது உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். அந்த உயிரை உனக்காக எப்படி அடக்கிக்கொண்டார் என்பது உனக்குத் தெரியாது, அதைத்தான் சொல்கிறேன்.

அவர் போனபோது உன்னால் வர முடியவில்லை. நீ வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அதற்காக உன்னை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை, விமானம் உன் கையில் இல்லை. ஆனால் அதற்கப்புறம் நீ நிற்கவே இல்லையே. கல்லறைத் தோட்டத்திலேயே பெரிய கிரானைட் அவருக்குத்தான், பக்கத்தில் படுத்திருக்கிறவர்களுக்கெல்லாம் நிழல் அடிக்கிறது. சபைக் கோவிலில் தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின், அதில் அவர் பேர். பள்ளிக்கூட மைதானத்தில் ஸ்டீல் பெஞ்சு, அதில் அவர் பேர். வெயிலில் அது காய்ந்து ஒரு பிள்ளையும் உட்கார முடியவில்லை என்பது வேறு விஷயம். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். மகனுக்கு மனசு ஆறவில்லை, எதையாவது செய்துகொண்டு இருக்கட்டும் என்று விட்டேன். அப்பா சாகும்போது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாததை இப்படி எதன் மேலாவது அடித்துத் தீர்க்கப் பார்க்கிறாய். அது தீராதுடா. எனக்கும் தீரவில்லை. நான் பக்கத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்கே தீரவில்லை.

கார்டு வந்த மறுநாள், பக்கத்து வீட்டு நூர்ஜஹானைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். அவள் அதுவரை பாறையைப் பார்த்ததில்லை. மான் வேலியில் நேரத்தைப் போக்கிவிட்டு ஏறினோம், முழங்கால் வலியில் இரண்டு பேரும் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம். பாறை முன்னால் நின்றதும் அவளிடம் கையைப் பின்னால் கட்டச் சொன்னேன், தொழுகையில் நிற்கிற மாதிரி நின்றாள். அப்புறம் மோவாயை நீட்டி, "இன்னாக்கா இது, பாறைக்குத் தோல் உரியுது? எங்க வீட்டுக்காரரு டேனரிலேர்ந்து கொண்டாந்த ரிஜெக்ட் தோல்ல தெச்ச செருப்பு இப்படித்தான் உரிஞ்சி உரிஞ்சி வரும். ஒரே பேஜாரா இருக்கே" என்றாள். கரடி முழுசாகப் போய்விட்டது. அந்த இடத்தில் கல் வெள்ளையாகப் பச்சைப் புண் மாதிரி இருக்கிறது. குழந்தைக்காரி இருக்கிறாள், பூச்சின் ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு, அடுத்த மழை வரைக்கும் இருப்பாள். இடுப்பை அதே மாதிரி தள்ளிக்கொண்டு, கையை அதே மாதிரி வளைத்துக்கொண்டு நிற்கிறாள். இடுப்பில் பிள்ளை இல்லை.

நூர்ஜஹான்தான் கீழே சருகுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நகம் அளவுக்கு ஒரு லாக்கர் படலம், மேல்பக்கம் மஞ்சள். திருப்பினால் பின்பக்கம் சிவப்பு. தலையும் இரண்டு காலும் தெளிவாகத் தெரிகின்றன. உனக்கு வரும் பிரதியோடு ஒரு சின்ன உறை வைத்திருக்கிறேன், பஞ்சுக்கு நடுவில் இருக்கிறது, மெதுவாகப் பிரி. அந்தக் குழந்தையைத்தான் உனக்கு அனுப்பியிருக்கிறேன். அத்தனை ஆயிரம் வருஷம் அவள் கீழே விடாத குழந்தை.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "அது பழைய என்.சி. லாக்கரும்மா, இப்ப வர்றது வேற, லேட்டஸ்ட்." அன்றைக்கும் நீ லேட்டஸ்ட் என்றுதான் சொன்னாய். நானும் முப்பது வருஷம் புண்ணுக்குக் கட்டுப்போட்டவள். ஈரம் கசிகிற இடத்தின்மேல் நேராக எதை ஒட்டினாலும், எடுக்கும்போது சதையோடுதான் வரும். அதற்குக் கெமிஸ்ட்ரி படிக்க வேண்டியதில்லை. தோல் செத்தது, அதற்கு நீ எதை வேண்டுமானாலும் அடி. பாறை மழையைக் குடிக்கிறது, வெயிலில் விடுகிறது, அது பாட்டுக்கு இருக்கிறது. உன் குழுக்காரர்களுக்கும் ஒன்று கேட்டு வைக்கிறேன், படித்துக்கொண்டுதானே இருப்பீர்கள்? தோல் கழிவை விட்டுப் பாலாற்றை அந்தக் கதிக்கு ஆக்கிவிட்டு, மலையைக் காப்பாற்றப் புறப்பட்டீர்களே, ஐயா, எதையாவது நீங்கள் தொடாமல் விட்டுவைத்தது உண்டா? அந்த மலையில் இன்னும் கரடி இருக்கிறதென்றால், அது நீங்கள் யாரும் அதற்கு நல்லது செய்யப் போகாததால்தான்.

உனக்குக் கல்யாணமாகி மெர்சி வந்தபிறகு, அவள் ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவள் சமையலறை முழுக்க டைல்ஸ் மாற்றினாயே, அவள் வந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்று சொன்னாளே, அன்றைக்கு அவள் என்னிடம் போனில் அழுதாள். இதுவும் உனக்குத் தெரியாது. அவள் அம்மா கொடுத்த அம்மிக்கல்லை நீ தூக்கிப் போட்டுவிட்டாய். உன்னைச் சுற்றி எல்லாரும் உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டு இருக்கிறோம். நீ அன்போடு வந்து நிற்கிறாய், அந்த முகத்தில் அடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. எனக்கும் வரவில்லைதான், இத்தனை நாள். நாளைக்கு உன் பிள்ளை உன்னிடம், "சூப்பர்ப்பா" என்று சொல்லும்போது, ஒரு நிமிஷம் அதன் முகத்தைப் பார். செய்வதற்கு முன்னால் கேள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சும்மா இரு. சும்மா இருப்பது உனக்குக் கஷ்டம், தெரியும், பழகிக்கொள்.

இவ்வளவு படித்தபிறகும் நீ விழாவை நிறுத்துவாயா, பந்தல்காரருக்குச் சொல்லியாச்சு, விருந்தாளிகளுக்குக் கார்டு போயாச்சு என்பாயா, எனக்குத் தெரியாது. அதனால் நான் என்ன செய்யப் போகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உன் கார் எனக்கு வேண்டாம். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன், நூர்ஜஹானும் வருகிறாள். உன் ஆட்கள் கம்ப்ரஸரைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வரும்போது நான் ஏற்கெனவே பாறை முன்னால் நின்றுகொண்டு இருப்பேன், முதுகு பாறைப் பக்கம், முகம் உங்கள் பக்கம், கை பின்னால். ரிப்பனை வெட்டக் கத்திரிக்கோலை நீட்டினால் வாங்க மாட்டேன், கை பின்னால் இருக்கும். என்னை நகர்த்த வேண்டுமென்றால் நீயே வந்து நகர்த்து, கூலிக்கு வந்த பிள்ளைகளை ஏவாதே. அடித்தே தீருவேன் என்றால் முதல் பூச்சை என்மேல் அடி. எனக்கும் வயசாகி மங்கிப் போய்விட்டது, பளபளவென்று ஆகிவிடுவேன், உங்கப்பா பேரை என் நெற்றியில் ஒட்டி வைத்துக்கொள்.

இல்லை, ஸ்ப்ரேயரைக் கீழேயே வைத்துவிட்டு வருகிறாய் என்றால், தனியாக வா. எலுமிச்சை சாதமும் அவித்த முட்டையும் உனக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருகிறேன். அந்தப் பஞ்சு உறையையும் கொண்டு வா. அதை அவள் இடுப்பில் திரும்ப ஒட்ட யாராலும் முடியாது, உன்னாலும் முடியாது, முயற்சி செய்யாதே. அவள் காலடியில் சருகுக்குள் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நில். அழுகை வந்தால் அழு. கண்ணைத் துடைக்க மட்டும் ஒரு கையை முன்னால் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு உங்கப்பா ஒன்றும் சொல்ல மாட்டார்.

உன் அம்மா